இரண்டாம் இடத்துக்குக் கடும் போட்டி

புதிய வைரஸைக் கண்டுபிடித்தது வாசிப்பாளர் அல்ல. தட்டில் காலிக் குழி இருக்கக் கூடாது என்ற சுற்றறிக்கைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு மையத்தில் ஆளாளுக்கு மார்தட்டிக்கொண்டார்கள், அப்புறம் ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள்.

தேசிய மரபணு வாசிப்பு மையத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. தொற்று பரவிய நாளிலிருந்து மருத்துவமனைகள் அனுப்பும் சளி மாதிரிகளை அதில் வைத்தால், உள்ளே இருக்கும் வைரஸின் மரபணுவை முப்பதாயிரம் எழுத்தாக வாசித்துக் கொடுக்கும். அதை ஓட்டுகிறவருக்கு வாசிப்பாளர் என்று பதவிப் பெயர். முப்பத்தெட்டு வயது, ஏறிய நெற்றி, ஓர் இடத்தில் நிற்காத கால். இயந்திரத்தின் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். காலிக் குழியோடு ஓட்டினால் விரயம் என்று எப்போதோ ஒரு தணிக்கையில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை பாசிட்டிவ் மாதிரிகள் எழுபத்தொன்பதுதான் வந்தன. மீதிப் பதினேழு குழிக்கு என்ன செய்வது? பொது மருத்துவமனையின் ஆறாவது வார்டிலிருந்து வந்து, நெகட்டிவ் என்று முத்திரை குத்தி, குப்பைக்குப் போகக் காத்திருந்த பதினேழு மாதிரிகளை எடுத்து ஊற்றினார். ஆறாவது வார்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவருடைய அக்கா அங்கே நர்ஸ். ஒரு வாரமாகப் போனில் ஒரே பாட்டு: "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையாம்டா. ஆனா வார்டே இருமுது."

மறுநாள் பார்த்தால் பதினேழிலும் வைரஸ்.

வாசிப்பாளர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் பதினேழு. விஷயம் சிக்கலானது அல்ல. சோதனைக் கருவி வைரஸை ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். இந்தப் புதிய வைரஸ் அந்த அடையாளத்தையே மாற்றிக்கொண்டுவிட்டது. மீசையை வைத்து ஆளைத் தேடுகிற காவலர் முன்னால் மழித்துக்கொண்டு நடந்து போகிற மாதிரி. இந்த முப்பதாயிரம் எழுத்தையும் உலக மரபணுப் பெட்டகத்தில் ஏற்றினால், கருவி செய்கிறவர்கள் பார்த்துத் திருத்திவிடுவார்கள். ஏற்றாதவரை ஆறாவது வார்டு நெகட்டிவ் வார்டு. நெகட்டிவ் வார்டு நர்ஸுக்குப் பாதுகாப்பு உடை கிடையாது. அக்கா ஒரு துணி மாஸ்க்கோடு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அங்கே நடந்துகொண்டிருந்தாள்.

ஏற்றுவதற்குப் பத்து நிமிஷம் ஆகும் என்று வாசிப்பாளர் நினைத்தார். பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்தும் அவருக்குப் புத்தி வரவில்லை. வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்த 'உடனடியாக, வெளிப்படையாக, உலகத்துக்காக' என்பதை வேறு தினமும் படித்துக்கொண்டே உள்ளே போகிறவர்.

வெளியீட்டுப் பிரிவில் வெளியீட்டு அலுவலர் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மையார். அவர் கையெழுத்தில்லாமல் மையத்திலிருந்து ஈகூட வெளியே பறக்காது.

"முப்பதாயிரம் எழுத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க சார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேணும்."

"மேடம், இது கம்ப்யூட்டர்ல போற சமாச்சாரம்."

"போறது கம்ப்யூட்டர்ல போகட்டும். கையெழுத்த எதுல போடறது?"

இரட்டை இடைவெளி விட்டு இருபத்தொரு பக்கம் வந்தது. இரண்டு நாள் கழித்து, சிவப்பு மையில் திருத்தங்களோடு திரும்பி வந்தது. வைரஸின் வால் பகுதியில் ஒரே எழுத்து முப்பத்து மூன்று தடவை தொடர்ந்து வரும். அதை வட்டமிட்டு, 'கூறியது கூறல். ஒன்று போதும்' என்று எழுதியிருந்தது. முதல் பக்கத்தில், 'இவ்வளவு நீளம் அவசியமா? ஒரு பக்கத்துக்குள் சுருக்கித் தரவும்.'

"மேடம், இது நான் எழுதினது இல்ல. வைரஸ்ல இருக்கறதே இப்படித்தான்."

"அது எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும் சார். வெளியில போறப்ப மையத்தோட பேர்ல போகுது. நாளைக்கு நாலு பேர் கேப்பாங்கல்ல?"

அந்த நாலு பேர் யார் என்று வாசிப்பாளருக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு வாலைப் பற்றி விளக்கி ஒரு தனிக்குறிப்பு எழுதினார். குறிப்புக்கு ஒரு கையெழுத்து, குறிப்பைச் சேர்த்ததற்கு ஒரு கையெழுத்து. ஐந்து நாள் ஓடிவிட்டது. இதற்குள் மையத்தின் இயக்குநருடைய அறை வாசலில் அவர் நடந்த நடைக்குப் பக்கத்து ஊருக்கே போய் வந்திருக்கலாம்.

ஒருவழியாக இயக்குநர் கூப்பிட்டார். இயக்குநர் நல்ல மனிதர். குரல் உயர்த்தமாட்டார். எதையும் மறுக்கமாட்டார். அவர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் எல்லாருமே காரியம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில்தான் வருவார்கள்.

"பிரமாதம்," என்றார். "எல்லாம் தயாரா வெச்சுக்குங்க. பொத்தான்ல இருந்து விரல மட்டும் எடுத்துடாதீங்க. வேற எந்த நாடாவது இத ஏத்தின அடுத்த நொடி, நாம ஏத்திடறோம்."

"வேற நாடு எதுக்கு சார்? நம்மகிட்ட இருக்கே."

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "போன தடவ ஒரு நாடு மொதல்ல ஏத்துச்சு, ஞாபகம் இருக்கா? காலைல உலகமே நன்றின்னு கடுதாசி போட்டுது. சாயங்காலம் அவங்க விமானத்த எல்லாம் நிறுத்திட்டுது. துறைமுகத்துல பழமெல்லாம் அழுகிப் போச்சு. வைரஸுக்கு அவங்க ஊர் பேரையே வெச்சுட்டாங்க. இன்னைக்கும் அந்த ஊர்ல பொண்ணு குடுக்க யோசிக்கறாங்களாம். ரெண்டாவதா ஏத்தினாங்களே, அவங்களுக்கு என்ன கெடச்சுது தெரியுமா? வெளிப்படைத்தன்மை விருது."

"அப்ப நாம ஒளிச்சு வெக்கறோமா சார்?"

"சேச்சே! நாம உடனடியாப் பகிர்றோம். மொதல்ல பகிர்றதில்ல, அவ்வளவுதான். அது கொள்கை. எழுத்துல இருக்கு."

"யாருமே மொதல்ல ஏத்தலைன்னா?"

இயக்குநர் சிரித்தார். பெரிய மனசுக்காரர்கள் சிரிக்கும் சிரிப்பு. "உலகம் அவ்வளவு பொறுப்பில்லாமயா இருக்கும்?"

வாசிப்பாளர் படியிறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டார். வாசித்ததை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று ஒரு பத்திரத்தில் அவரே கையெழுத்திட்டிருந்தார். சொல்லிவிட்டார்.

"அக்கா, அங்க யாரும் நெகட்டிவ் இல்ல. எல்லாருக்கும் இருக்கு. முழு உடை போட்டுக்கோ."

"இத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? மூச்சு வாங்கறதப் பாத்தா தெரியாதா? ஸ்டோர்ல இருக்கவர் காயிதம் கேக்கறார்டா. பாசிட்டிவ்னு ஒரு காயிதம் இருந்தா ஒரு உடை. நேத்து என் மழைக்கோட்டப் போட்டுட்டுப் போனேன். மேட்ரன் நிறுத்தி, உள்ள மழை பெய்யுதான்னு கேட்டாங்க. கழட்ட வெச்சுட்டாங்க."

"லீவு போடுக்கா."

"நான் போட்டா யார் பாப்பாங்க? நீ வந்து பாப்பியா? போய் வேலையப் பாரு. அந்தக் காயிதம் எப்ப வரும்னு மட்டும் சொல்லு."

இன்னும் ரெண்டு நாள் என்றார் வாசிப்பாளர். அதையே அடுத்த எட்டு நாளும் சொன்னார்.

பத்தாம் நாள் உலக வெளிப்படைத்தன்மைக் கூட்டம் காணொளியில் நடந்தது. இயக்குநரின் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டுவதற்காக வாசிப்பாளரும் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. திரையில் தொண்ணூறு சொச்சம் நாடுகள், ஆளுக்கொரு கட்டத்தில், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு. தலைவர் வணக்கம் சொல்லிவிட்டு, தவறிப்போய் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "யாராவது புதிதாக எதையாவது பார்த்தீர்களா?"

தொண்ணூறு கட்டமும் அசையாமல் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்றுதான் வாசிப்பாளர் நினைத்தார். ஒரு மூலையில் ஒருவர் கண்ணைச் சிமிட்டினார். அதை வைத்து இணைப்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு நாடு, "எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. யார் முதலில் உள்ளே வருகிறார்கள் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றது. இன்னொரு நாடு, "தரவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து. அதனால்தான் எங்களுடையதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம்" என்றது. மூன்றாவது நாட்டின் பிரதிநிதி மிகவும் கண்ணியமானவர். "நாங்கள் எதையும் பார்க்கவில்லை. வேறு யாராவது பார்த்திருந்தால், நாங்களும் பார்த்திருக்கிறோம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நம் இயக்குநரின் முறை வந்தபோது, "எங்கள் நாட்டில் கண்டுபிடிப்பதற்கும் பகிர்வதற்கும் நடுவில் ஒரே ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி எப்போது வரும் என்று காத்திருக்கிறோம்" என்றார். கைதட்டல்.

அப்போதுதான் அந்தக் கண்ணியமானவர் தன் திரையில் ஒரு படத்தைத் தப்பாகத் திறந்துவிட்டார். இரண்டு நொடிதான். உடனே மூடி, பேரக்குழந்தையின் படம் என்று மன்னிப்புக் கேட்டார். ஆனால் எழுத்துகளை வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு இரண்டு நொடி தாராளம். அதே இடம், அதே மாற்றம். பேரக்குழந்தைக்கும் ஆறாவது வார்டு வைரஸுக்கும் ஒரே முகச்சாயல். வாசிப்பாளர் திரையை ஏற இறங்கப் பார்த்தார். தொண்ணூறு கட்டத்திலும் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை.

கடைசியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. புதிய வைரஸ் என்று ஒன்று இருந்து, அதை முதலில் பகிரப்போகும் நாடு என்று ஒன்றும் இருந்தால், அந்த நாட்டுக்கு இந்தக் கூட்டம் முன்கூட்டியே நன்றி தெரிவித்துக்கொள்கிறது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

வெளியே வந்தபோது போனில் அக்காவின் குறுஞ்செய்தி கிடந்தது. ஜுரம் நூற்றி இரண்டு, டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ், நாளைக்குப் பகல் டியூட்டி போட்டிருக்கிறார்கள்.

பகல் டியூட்டியை அவள் பார்க்கவும் செய்தாள். மறுநாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு நோயாளிக்கு ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். தான் பார்த்த வார்டிலேயே பதினாலாம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கேஸ் அட்டையில் 'களைப்பு' என்று எழுதியிருந்தது.

வாசிப்பாளர் அன்றைக்கு மையத்தின் வரவேற்பறையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். உள்ளே போய்க் கத்தலாமா, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. சுவரில் குடிமக்கள் சாசனம் என்று ஒரு பலகை. யாரும் படிப்பதற்காக மாட்டியது அல்ல, சட்டப்படி மாட்டியது. நாற்பது தடவை அதைக் கடந்து நடந்தவர், நாற்பத்தோராவது தடவை ஒன்பதாவது வரியைப் படித்தார். 'நோயாளி எழுத்து மூலம் கேட்டால் தம் மாதிரியின் முழு அறிக்கை ஒரே நாளில் வழங்கப்படும்.'

அக்காவின் மாதிரி மறுநாள் தட்டில் ஏறியது. ஓடி முடிந்ததும், நடுங்கும் கையெழுத்தில் அவள் எழுதிக் கொடுத்த மனுவோடு வெளியீட்டு அலுவலர் முன்னால் போய் நின்றார். அம்மையார் கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

"அக்காவா? அடடா, எப்படி இருக்காங்க? தாராளமாக் குடுத்துடலாமே. இதுக்கு என் கையெழுத்து ஒண்ணு போதும்."

"பக்கத்துக்குப் பக்கம் வேண்டாமா மேடம்?"

"அது வெளியீட்டுக்கு சார். இது வழங்கல்."

"வாங்கினவங்க இத வெளியில யாருக்காவது குடுத்தா?"

"அது அவங்க பாடு. நாம வெளியிடலையே?" 'வழங்கப்பட்டது' என்று ஓங்கி ஒரு குத்து. சிவப்பு மை பக்கத்திலேயே வரவில்லை. முப்பத்து மூன்று எழுத்து வாலோடு முழுக் கோப்பும் அக்காவின் போனுக்கு வாடாமல் வந்து சேர்ந்தது. வாசிப்பாளருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் வந்தன.

பெட்டகத்தில் ஏற்றியது அக்காதான். தன் போனில், தன் கையால். "உன் பேர் எங்கயும் வரக் கூடாது. உனக்கு வேலை போயிட்டா மாசாமாசம் அம்மாவ ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போறது?" என்று சொல்லி அவரைத் தொடக்கூட விடவில்லை. கடவுச்சொல்லையும் காட்டவில்லை. 'சமர்ப்பிக்கும் நிறுவனம்' என்ற இடத்தில் என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்தாள். 'ஆறாவது வார்டு, பதினாலாம் கட்டில்' என்று போட்டாள். அடுத்து, 'நிறுவனமா, தனிநபரா?' தனிநபர் என்று தொட்டதும், அதற்குக் கீழே இருந்த 'நாடு' என்ற கட்டம் சாம்பல் நிறமாகி மூடிக்கொண்டது. தனிநபருக்கு நாடு கிடையாது என்பது பெட்டகத்தின் தீர்மானம். வாசிப்பாளர் ஐந்து நாளும் இருபத்து மூன்று கையெழுத்தும் தேடிய காரியம், அக்காவுக்கு நாலு நிமிஷத்தில் முடிந்தது. நடுவில் இரண்டு தடவை இருமினாள்.

எட்டாவது நிமிஷம் நம் நாடு ஏற்றியது. இயக்குநர் விரலை எடுக்கவே இல்லை போலிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் இருபத்து மூன்று நாடுகள். இரண்டாம் இடத்துக்கு அப்படியொரு முட்டல் மோதல், பெட்டகத்தின் தளம் அரை மணி நேரம் முடங்கிவிட்டது. ஒவ்வொரு பதிவிலும் மாதிரி எடுத்த தேதி இருந்தது. வாசிப்பாளர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று வாரம் முன்பு. ஐந்து வாரம் முன்பு. அந்தக் கண்ணியமானவரின் நாட்டில் ஏழு வாரம் முன்பு. ஏழு வாரம்! யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் தட்டைக் கழுவினார்.

மாலையில் இயக்குநர் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். உச்சி குளிர்ந்து போயிருந்தது. "உலகத்தில் நாம் இரண்டாவது! இது சாதாரண விஷயம் அல்ல. முதலில் ஏற்றியது ஒரு தனிநபர். ஆகவே நாடுகள் என்று எடுத்துக்கொண்டால், நாம்தான் மு..." என்றவர், அங்கேயே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். வெகுநேரம் குடித்தார்.

மூன்றாம் நாள் அக்காவுக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. முகம் முழுக்க மூடும் மாஸ்க் போட்டார்கள். பேச்சு நின்றுவிட்டது. அன்றைக்குப் பார்த்துதான் பெட்டகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பதினாலாம் கட்டிலின் பதிவில் 'நோயாளியின் நிலை' என்ற இடம் காலியாக உள்ளது. ஏழு நாளுக்குள் நிரப்பாவிட்டால் பதிவு நீக்கப்படும். நீக்கினால் என்ன ஆகும்? அடுத்து நிற்பவர் முதலாவது ஆவார்.

இத்தனை நாளாக ஆறாவது வார்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத இயக்குநர், மணிக்கொரு தரம் போன் செய்ய ஆரம்பித்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க? கண்ணத் தொறந்தாங்களா? பாஸ்வேர்டு எதாவது சொன்னாங்களா?"

"மாஸ்க்ல இருக்காங்க சார். பேச முடியாது."

"கையால எழுதிக் காட்டச் சொல்லுங்களேன்."

"கையத் தூக்க முடியல சார்."

"இங்க பாருங்க, நான் உங்க கூடப்பொறந்த அண்ணன் மாதிரி சொல்றேன். அதுல நாலு பதில்தான் இருக்கு. எது வேணா போடுங்க. உயிரோட இருக்காங்கன்னு போடுங்க, இல்லைன்னு போடுங்க. காலியா மட்டும் விட்டுடாதீங்க."

வாசிப்பாளர் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று நாள் அதை எடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலும் வராந்தாவிலும் மாறி மாறி நின்றார். அக்காவின் விரலில் மாட்டியிருந்த கருவி காட்டிய எண் எண்பத்து மூன்றிலிருந்து எண்பத்தொன்பதுக்கு ஏறுவதைத் தவிர, உலகத்தில் எதையும் அவர் வாசிக்கவில்லை.

ஆறாம் நாள் புதிய கருவி வந்தது. வார்டு முழுக்கப் பாசிட்டிவ். ஸ்டோரிலிருந்து பெட்டி பெட்டியாக உடை வந்து இறங்கியது. அன்று மத்தியானம் மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாய் மாட்டினார்கள். அக்கா தண்ணீர் கேட்டாள். அப்புறம் போனைக் கேட்டாள்.

நிலை என்ற இடத்தில் 'சிகிச்சையில்' என்று அவளே தொட்டாள். போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகத் தலையைத் திருப்பி வார்டைப் பார்த்தாள். பாதிக் கட்டிலில் புது முகங்கள்.

"என்னைப் பத்தி மட்டும்தான் கேக்கறாங்களா?" குரல் காற்றாக வந்தது. "இங்க செத்தவங்களப் பத்தி ஒண்ணும் கேக்கலயா?"

"அவங்க ரிப்போர்ட்ல நெகட்டிவ்கா. பதிவு கெடையாது."

"வேற எடம் எதாவது இருக்கா பாரு, எழுதற மாதிரி."

'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஐம்பது எழுத்துக்கு மேல் ஏற்காது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னாள். பஸ் ஓட்டினவர். ரெண்டு பிள்ளைங்களோட அம்மா. கணக்கு வாத்தியார், அவர் சம்சாரம். நாலாவது ஆளிலேயே கட்டம் நிரம்பிவிட்டது. வாசிப்பாளர் அதை அவளிடம் சொன்னார்.

"அப்ப கட்டில் நம்பர மட்டும் போடு."

அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினார். அவள் சொல்லச் சொல்ல: ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, எட்டு, பதினொண்ணு, பதினஞ்சு, பதினாறு. இடம் தாராளமாக இருந்தது. அனுப்பும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"இரு," என்றாள் அக்கா. "ஏழ ரெண்டு தடவ போடு. அதுல அடுத்தடுத்து ரெண்டு பேரு."